மாங்கனைட்டின் உமிழ்திறன்: எந்த எண்ணை நம்புவது?

லாந்தனம் மாங்கனீசு ஆக்சைடில் லாந்தனத்தின் ஒரு பங்கை நீக்கி அவ்விடத்தில் ஸ்ட்ரான்ஷியத்தைச் சேர்த்துச் சுட்டெடுத்தால் கரிய வில்லை ஒன்று கிடைக்கும். பார்வைக்கு அடுப்புக்கரித் துண்டு போலத்தான் இருக்கும். ஆனால் அது செய்யும் காரியம் விந்தையானது. சூடாக இருக்கும்போது வெப்பத்தைத் தாராளமாக வெளியிடுகிறது. குளிர்ந்தவுடன் கையை இறுக்கிக்கொள்கிறது. வெப்பநிலை உயர்ந்தால் எந்தப் பொருளும் கூடுதலாகக் கதிர்வீசும் என்பது பள்ளிப் பாடம். இங்கே பேசப்படுவது அதுவன்று. அதே வெப்பநிலையிலுள்ள கரும்பொருளோடு ஒப்பிட ஒரு பரப்பு எத்தனை பங்கு கதிர்வீசுகிறது என்னும் விகிதத்திற்கே உமிழ்திறன் என்று பெயர். பெரும்பாலான பொருள்களில் சாதாரண வெப்பநிலைகளில் அந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. மாசூட்டப்பட்ட மாங்கனைட்டிலோ அது குளிரில் ஏறத்தாழ 0.3 என்ற அளவில் இருந்து, அறை வெப்பநிலையைக் கடந்ததும் 0.6, 0.7 என்று உயர்கிறது. மின்சாரமோ நகரும் உறுப்போ கட்டளையோ தேவைப்படாத மாற்றம் இது.

இம்மாற்றத்தின் அளவைக் கிரேக்க எழுத்தான டெல்டாவைச் சேர்த்து ஒற்றை எண்ணாகக் குறிப்பது ஆய்வுலக வழக்கம். அந்த எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுவதே ஆய்வின் வெற்றி என்னும் எண்ணம் இப்போது வேரூன்றிவிட்டது. எண் எப்படி வந்தது, எந்தப் பரப்பில், எந்தக் கோணத்தில், எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்ற கேள்விகள் பின்தள்ளப்படுகின்றன. இது வெறும் நடைமுறைக் குறை என்று விட்டுவிடக் கூடியதன்று. அந்த எண்ணை நம்பி யாரோ ஒருவர் ஒரு விண்கலத்தின் வெப்பக் கணக்கைப் போடப்போகிறார்.

அந்தக் கணக்கின் எளிய வடிவத்தை முதலில் பார்த்துவிடலாம். வெற்றிடத்தில் செல்லும் கலத்திலிருந்து வெப்பம் வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. கருவிகள் முழு வீச்சில் இயங்கும்போது வெப்பத்தைக் கொட்ட வேண்டும்; அவை உறங்கும்போது அதே பரப்பு வழியாக வெப்பம் கசிந்தோடக் கூடாது. ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மேன் விதிப்படி 300 கெல்வினில் ஒரு சதுர மீட்டர் கரும்பொருள் ஏறத்தாழ 459 வாட் வெளியிடும். 250 கெல்வினில் ஏறத்தாழ 221 வாட். உமிழ்திறன் எப்போதும் 0.65 ஆக இருக்கும் பரப்பு 250 கெல்வினில் 144 வாட்டை இழக்கும். குளிரில் 0.3 ஆகக் குறையும் பரப்பு 66 வாட்டை மட்டுமே இழக்கும். இடையிலுள்ள 78 வாட்டை மின்சூடேற்றி கொடுக்க வேண்டியதில்லை. சூரியத் தகடுகளால் சில நூறு வாட் மட்டுமே திரட்டக்கூடிய சிறு கலத்திற்கு இது வாழ்வா சாவா என்னும் வேறுபாடு. இதற்காக முன்பு இதழ்களைத் திறந்து மூடும் பலகணிகளைப் பொருத்தினார்கள். அவற்றில் எடை உண்டு, அச்சு உண்டு, அச்சு சிக்கிக்கொள்ளும் அச்சமும் உண்டு. மெல்லிய பீங்கான் சில்லு ஒன்றே அந்தப் பலகணியின் வேலையைச் செய்யுமானால் எந்தப் பொறியாளர் வேண்டாமென்பார்?

பொருள் புதிதன்று. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த யோங்கரும் வான் சாண்டனும் 1950இலேயே இவ்வகை மாங்கனீசு ஆக்சைடுகளின் ஃபெர்ரோகாந்தத் தன்மையை வெளியிட்டார்கள். மறு ஆண்டு கிளாரன்ஸ் சீனர் அதற்கு இரட்டைப் பரிமாற்றம் என்னும் விளக்கத்தைத் தந்தார். பிறகு நாற்பதாண்டுகள் ஏறக்குறைய அமைதி. 1993–94இல் காந்தப்புலத்தால் மின்தடை பன்மடங்கு மாறும் பெருங்காந்தத்தடை கண்டறியப்பட்டதும் உலகமே இப்பொருளின் மீது பாய்ந்தது. இந்தியாவும் பின்தங்கவில்லை. சி.என்.ஆர். ராவும் பெர்னார்ட் ராவோவும் தொகுத்து 1998இல் வந்த நூல் இத்துறையில் இன்றும் புரட்டப்படுவது. மின்தடை, காந்தமாக்கல், மின்னூட்ட ஒழுங்கு, பின்னர் காந்தவெப்ப விளைவு என்று ஆய்வேடுகள் பெருகின. வெப்ப உமிழ்வு இந்தப் பந்தியில் கடைசி இலையில் அமர்ந்த விருந்தாளி. ஜப்பானில் என்.இ.சி. நிறுவனத்தின் ஆய்வாளர்களும் விண்வெளி அறிவியல் நிறுவனத்தாரும் சேர்ந்து, ஷிமாகவாவை முதலாசிரியராகக் கொண்டு 2002இல் வெளியிட்ட கட்டுரைதான் ஸ்ட்ரான்ஷியம் கலந்த மாங்கனைட்டைத் தானியங்கிக் கதிர்வீசியாகப் பயன்படுத்தலாம் என்பதை நிலைநாட்டியது. 2003 மே மாதம் ஏவப்பட்ட ஹயபுசா கலத்தில் அவ்வகைச் சில்லு சோதனைக்காகப் பொருத்தப்பட்டது.

ஏன் இப்படி நிகழ்கிறது? இரண்டு விதிகளை இணைத்தால் விடையின் பாதி கிடைத்துவிடும். கிர்காஃப் விதிப்படி ஓர் அலைநீளத்தில் நன்றாக உறிஞ்சும் பரப்பே அந்த அலைநீளத்தில் நன்றாக உமிழும். நன்றாக எதிரொளிக்கும் பரப்பு உமிழ்வதில் கஞ்சத்தனம் காட்டும். வியன் விதிப்படி 300 கெல்வினிலுள்ள பொருளின் கதிர்வீச்சு 10 மைக்ரானை ஒட்டி உச்சம் பெறும். ஆகவே 10 மைக்ரான் அகச்சிவப்புக் கதிரை மாங்கனைட்டு எப்படி நடத்துகிறது என்பதே கேள்வி. கியூரி வெப்பநிலைக்குக் கீழே மாங்கனீசு அயனிகளின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. மூன்றிணைய மாங்கனீசிலிருந்து ஆக்சிஜன் வழியே நான்கிணைய மாங்கனீசுக்கு எலக்ட்ரான் தடையின்றித் தாவுகிறது. பொருள் உலோகமாக நடந்துகொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. கியூரி வெப்பநிலைக்கு மேலே அணிவகுப்பு கலைகிறது. எலக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் எண்முகியை வளைத்து அந்த வளைவுக்குள் தானே சிறைப்படுகிறது. எதிரொளிப்பு விழுகிறது, உறிஞ்சலும் அதனோடு உமிழ்வும் எழுகின்றன. இந்த இரண்டாம் பகுதி முக்கியமானது. இரட்டைப் பரிமாற்றம் மட்டுமே மின்தடையை விளக்கப் போதாது என்று மில்லிஸ், லிட்டில்வுட், ஷ்ரைமன் ஆகியோர் 1995இல் வாதிட்டார்கள். அதற்குப் பிந்தைய கோட்பாடுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் டி.வி. ராமகிருஷ்ணனும் எச்.ஆர். கிருஷ்ணமூர்த்தியும் சக ஆய்வாளர்களுடன் 2004இல் முன்வைத்தது குறிப்பிடத்தக்கது. சிறைப்பட்ட எலக்ட்ரான்களும் உலவும் எலக்ட்ரான்களும் ஒரே பொருளில் உடனிருக்கின்றன என்பது அதன் சாரம்.

உலவும் எலக்ட்ரான்கள் குறைவு என்பதன் விளைவை ஒரு சிறு கணக்கில் காணலாம். நீண்ட அலைநீளங்களுக்குப் பொருந்தும் ஹேகன்–ரூபன்ஸ் தொடர்பின்படி உலோகத்தின் உமிழ்திறன் மின்தடை எண்ணின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 10 மைக்ரானில் செம்புக்கு அது ஏறத்தாழ 0.015 என்று வரும். மின்தடை எண் ஒரு மில்லி ஓம்-சென்டிமீட்டராக உள்ள மாங்கனைட்டுக்கு 0.36 என்று வரும். தொடர்பு இங்கே தோராயமானதுதான். மாங்கனைட்டு நல்ல உலோகமன்று. ஆனால் அது சொல்லும் செய்தி தெளிவு. குளிர்ந்த மாங்கனைட்டின் உமிழ்திறன் செம்பின் அளவுக்கு ஒருபோதும் இறங்காது. அப்படி இறங்கியதாக யாரேனும் வரைபடம் காட்டினால், பொருளைப் பாராட்டுவதற்கு முன் அளவீட்டைச் சந்தேகிப்பதே முறை.

வனேடியம் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால் மாங்கனைட்டின் சிறப்பு விளங்கும். அது 68 டிகிரி செல்சியசில் காப்பானிலிருந்து உலோகமாகத் தாவுகிறது. அதாவது சூட்டில் உமிழ்திறன் குறைகிறது. விண்கலத்திற்கு வேண்டியதற்கு நேர்மாறு. கீழே உலோகப் படலம், நடுவே காப்புப் படலம், மேலே வனேடியம் ஆக்சைடு என அடுக்கித்தான் அதன் போக்கைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. மாங்கனைட்டுக்குச் சரியான திசை பிறவியிலேயே அமைந்திருக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட்டின் மாற்றம் திடீரென்று நிகழாமல் பல பத்து டிகிரிகளில் பரவி நிகழ்கிறது என்பதைப் பலர் குறையாக எழுதுகிறார்கள். அது குறையே அன்று. சூடேறும்போது ஒரு பாதை, ஆறும்போது வேறு பாதை என்னும் தயக்கம் வனேடியம் ஆக்சைடில் உண்டு. படிப்படியாக மாறும் மாங்கனைட்டில், கலம் சற்றே சூடேறினால் உமிழ்வும் சற்றே கூடுகிறது. கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்தவர்கள் விரும்புவது இத்தகைய நடத்தையைத்தான். கூர்மையான தாவல் தாளில் அழகாகத் தெரிகிறது என்பதற்காக அதைத் தேடி ஓடுவது, டெல்டா எண் மீதான மோகத்தின் மற்றொரு முகம்.

இனி அளவீட்டுக்கு வருவோம். சிக்கல் குடியிருப்பது அங்கேதான்.

வழக்கமான ஆய்வேட்டில் பாதை இப்படி அமைகிறது. மாணவர் ஒருவர் பல இரவுகள் உலையருகே காத்திருந்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு வில்லைகளைத் தயாரிக்கிறார். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, மின்தடை, காந்தமாக்கல் ஆகியவற்றை வெப்பநிலை வாரியாக மிகுந்த கவனத்துடன் அளக்கிறார். இறுதி இயலில் எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் வில்லையை வைத்து எதிரொளிப்பு நிறமாலையை எடுக்கிறார். அதை ஒன்றிலிருந்து கழித்து, பிளாங்க் வளைவால் எடையிட்டுக் கூட்டினால் உமிழ்திறன். பிளாங்க் வளைவில் 200 கெல்வின் முதல் 370 கெல்வின் வரை வெவ்வேறு வெப்பநிலைகளை இட்டால் வெவ்வேறு விடைகள் வருகின்றன. அவற்றைப் புள்ளிகளாக வைத்துக் கோடிழுத்தால் வெப்பநிலையோடு மாறும் உமிழ்திறன் தயார். முழுக் கணக்கிலும் நிறமாலை எடுக்கப்பட்டது அறை வெப்பநிலையில், ஒரே ஒரு முறை.

இதிலுள்ள பிழை சிறியதன்று. 17.5 விழுக்காடு ஸ்ட்ரான்ஷியம் கொண்ட மாங்கனைட்டின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 283 கெல்வின். 295 கெல்வினிலுள்ள ஆய்வுக்கூடத்தில் அது ஏற்கெனவே காப்பான் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்நிலையின் நிறமாலையை எடுத்து 200 கெல்வின் பிளாங்க் வளைவால் பெருக்கினால் கிடைப்பது, 200 கெல்வினிலும் காப்பானாகவே இருக்கும் ஒரு கற்பனைப் பொருளின் உமிழ்திறன். உலோகமாக மாறும் நிகழ்வே கணக்கிற்குள் வரவில்லை. வரைபடத்தில் தெரியும் ஏற்ற இறக்கம் பிளாங்கினுடையது; மாங்கனைட்டினுடையதன்று. இன்னொரு நுட்பமும் இதில் புதைந்திருக்கிறது. 173 கெல்வினில் கதிர்வீச்சின் உச்சம் 17 மைக்ரானை ஒட்டி அமைகிறது. மாங்கனீசு–ஆக்சிஜன் பிணைப்பு நீள்வதால் எழும் ஃபோனான் பட்டையும் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. காப்பான் நிலையில் அந்தப் பட்டை நிறமாலையில் வெளிப்படையாகத் தெரியும். உலோக நிலையில் உலவும் எலக்ட்ரான்கள் அதைத் திரையிட்டு மறைக்கும். குளிரில் எந்த அலைநீளம் மிக முக்கியமோ, அதே அலைநீளத்தில்தான் அறை வெப்பநிலை நிறமாலை மிக மோசமாக வழிதவற விடுகிறது.

இரண்டாம் பிழை கோணத்தைப் பற்றியது. பெரும்பாலான கருவிகள் பரப்புக்கு ஏறக்குறையச் செங்குத்தாக விழும் கதிரின் எதிரொளிப்பையே அளக்கின்றன. விண்கலத்தின் பரப்போ அரைக்கோளம் முழுவதிலும் எல்லாத் திசைகளிலும் வெப்பத்தை வீசுகிறது. இரண்டும் ஒன்றல்ல. பளபளப்பான உலோகப் பரப்பில் சாய்ந்த கோணங்களில் உமிழ்வு கூடும். எனவே அரைக்கோள உமிழ்திறன் செங்குத்து உமிழ்திறனைவிட அதிகம். காப்பான்களில் அது சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கும். மாங்கனைட்டு குளிரில் உலோகம், சூட்டில் காப்பான். செங்குத்தாக மட்டும் அளப்பவர் கீழ் எல்லையை உள்ளதைவிடக் குறைவாகவும், மேல் எல்லையைச் சரியாகவோ சற்று அதிகமாகவோ பெறுகிறார். பிழை இரு முனையிலும் டெல்டாவைப் பெரிதாக்கும் திசையிலேயே சாய்கிறது. தற்செயல் பிழையென்றால் பல ஆய்வுகளின் சராசரியில் கரைந்துபோகும், இது கரையாது. செங்குத்தில் 0.25 காட்டும் பரப்பின் அரைக்கோள மதிப்பு 0.28ஐ ஒட்டி இருக்கலாம். எண்ணாகப் பார்த்தால் அற்பம். 250 கெல்வினில் ஒரு சதுர மீட்டருக்கு அது ஏறத்தாழ 7 வாட் கூடுதல் இழப்பு. நிலவின் நிழலில் மின்கலத்தை நம்பியிருக்கும் கருவிக்கு 7 வாட் அற்பமன்று.

மூன்றாவது, மின்தடை வரைபடத்தை உமிழ்திறனின் பதிலியாகக் கொள்வது. மின்தடை உச்சம் 240 கெல்வினில் இருக்கிறது, ஆகவே உமிழ்திறன் மாற்றமும் அங்கேதான் என்று எழுதிவிடுகிறார்கள். சுட்டெடுத்த வில்லையில் ஆயிரக்கணக்கான மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நேர்மின்னோட்டம் ஒவ்வொரு மணியெல்லையையும் கடந்துதான் போக வேண்டும்; அந்த எல்லைகளின் தடையே மொத்தத் தடையில் மேலோங்கி, உச்சத்தைக் கீழ் வெப்பநிலைக்குத் தள்ளிவிடக் கூடும். 10 மைக்ரான் அலையின் அதிர்வுக் காலத்திலோ எலக்ட்ரான் தன் மணியை விட்டு வெளியேறுவதேயில்லை. அகச்சிவப்பு காண்பது மணியின் உள்ளகத்தை. மின்தடைமானி காண்பது மணிகளின் வேலியை. அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதால் வீட்டுக்குள்ளும் யாரும் பேசுவதில்லை என்று முடிவு கட்டலாமா?

பரப்பையும் தடிமனையும் பற்றிய குறைகள் வெளிப்படையானவை, விரைவாகக் கடந்துவிடலாம். ஒன்றிலிருந்து எதிரொளிப்பைக் கழித்தால் உமிழ்திறன் என்பது ஒளி ஊடுருவாத தடிமனுக்கே பொருந்தும். கண்ணாடி மேலோ சிலிக்கான் மேலோ படிந்த மெல்லிய படலம் காப்பான் நிலையில் அகச்சிவப்பை உள்ளே விடும். அப்போது அளக்கப்படுவது பாதி அடித்தட்டின் உமிழ்திறன். சொரசொரப்பான பரப்பு குளிரிலும் அதிகமாக உமிழும். மாங்கனைட்டுத் தூளைச் சிலிக்கோன் பிசினில் குழைத்துப் பூச்சாக்கினால், அந்தப் பிசினின் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பே 9, 10 மைக்ரானில் கடுமையாக உறிஞ்சி, குளிர்நிலை உமிழ்திறனை உயர்த்திப் பிடித்துவிடும். ஆக்சிஜன் அளவும் அப்படியே. உலையை ஆற்றும் வேகம் மாறினால் நான்கிணைய மாங்கனீசின் பங்கு மாறும், அதனோடு கியூரி வெப்பநிலையும் நகரும். அதை அறிய அயோடின் தரம்பார்த்தல் போதும். எந்தக் கல்லூரி வேதியியல் துறையிலும் பிப்பெட்டும் பியூரெட்டும் உண்டு. ஆயினும் வேதிவாய்பாட்டில் ஆக்சிஜனுக்கு 3 என்று எழுதிவிட்டு நகர்வதே பெருவழக்கு.

நேரடியான வழி ஒன்று உண்டு. பரப்பை வெற்றிடத்தில் தொங்கவிட்டு, சுற்றிலும் திரவ நைட்ரஜனால் குளிர்ந்த கரிய சுவர்களை அமைத்து, மாதிரி ஒரே வெப்பநிலையில் நிலைத்து நிற்க எவ்வளவு மின்திறன் ஊட்ட வேண்டும் என்று அளப்பது. ஊட்டிய திறனே உமிழ்ந்த திறன். எல்லா அலைநீளமும் எல்லாக் கோணமும் தாமாகவே கணக்கில் வந்துவிடும். பொருளும் உண்மையிலேயே அந்த வெப்பநிலையில் இருக்கும். இதில் தலைவலி தருபவை கம்பிகள். சூடேற்றிக்கும் வெப்பநிலைமானிக்கும் செல்லும் கம்பிகள் வழியே வெப்பம் கசியும். உமிழ்திறன் குறைவாக உள்ள குளிர்நிலையில்தான் அந்தக் கசிவு மொத்தத்தில் பெரும் பங்கு வகிக்கும். கசிவைக் கழிக்க மறந்தால் கீழ் எல்லை உயர்ந்து, டெல்டா சிறுத்துவிடும். இந்தப் பிழை ஆய்வாளரின் பெருமைக்கு எதிராக வேலை செய்கிறது. அதைத் திருத்துவதில் மட்டும் எவரும் சோம்பல் காட்டாததற்குக் காரணம் இதுதானோ என்னவோ!

இத்தகைய கணக்குகளுக்கு இந்தியாவில் முன்மாதிரி உண்டு. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்து, தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய கே.எஸ். கிருஷ்ணன், 1950களில் எஸ்.சி. ஜெயினுடன் சேர்ந்து வெற்றிடத்தில் மின்னோட்டத்தால் சூடேற்றப்பட்ட மெல்லிய தண்டுகளின் வெப்பநிலைப் பரவலை ஆராய்ந்தார். தண்டின் நடுப்பகுதி கதிர்வீச்சால் வெப்பத்தை இழக்கிறது. முனைகளிலோ பிடிகளுக்குள் வெப்பம் பாய்ந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்தறியாமல் எந்த வெப்ப மாறிலியையும் பெற முடியாது. முனைகளில் கசியும் வெப்பத்தைக் கடைசியில் சேர்க்கும் சிறு திருத்தமாகக் கருதாமல் அதையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்ட பொறுமை அது. மாங்கனைட்டு வில்லையிலிருந்து கிளம்பும் இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு அந்தப் பொறுமையில் ஒரு பங்காவது தேவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மாநிலப் பல்கலைக்கழகத்துத் துறை ஒன்றில் திரவ நைட்ரஜன் வாரம் ஒரு முறை வருவதே அரிது. குளிர்விக்கும் அகச்சிவப்பு அறைக்கோ உட்புறம் தங்கம் பூசிய ஒருங்கிணைப்புக் கோளத்துக்கோ நிதி கேட்டால் கோப்பு ஈராண்டு உறங்கும். உதவித்தொகையோ ஐந்தாண்டில் முடிந்துவிடும். அறை வெப்பநிலை நிறமாலையே பலருக்கு எட்டக்கூடிய எல்லை. அதை வைத்து ஒன்றும் எழுதக் கூடாதென்றால், வசதி படைத்த நிறுவனங்கள் மட்டுமே இத்துறையில் நிற்க முடியும். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்கப்படுவது விலையுயர்ந்த கருவியன்று. எடுத்த அளவுக்கு உரிய பெயர். 295 கெல்வினில் எடுத்த செங்குத்து நிறமாலையிலிருந்து கணித்த மதிப்பு என்று தலைப்பிட்டால் அது நேர்மையான, பயனுள்ள தரவு. அதையே வெப்பநிலையோடு மாறும் உமிழ்திறன் என்று அழைத்தால் அது வேறொன்று. தடிமன், பரப்பின் சொரசொரப்பு, ஆற்றிய வேகம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை எழுதக் காசு செலவாகாது. எளிய சூடேற்றும் தட்டின் மேல் வைத்து 300இலிருந்து 370 கெல்வின் வரை நிறமாலை எடுப்பதும் பல இடங்களில் இயலக்கூடியதே. 30 விழுக்காடு ஸ்ட்ரான்ஷியம் கொண்ட மாங்கனைட்டின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 370 கெல்வின் என்பதால், திரவ நைட்ரஜனே இல்லாமல் அதன் உலோகப் பக்கத்தை அறை வெப்பநிலையிலிருந்தே தொடர்ந்து பார்க்கலாம். அது கியூரி வெப்பநிலைக்கு மேலும் முழுக் காப்பானாவதில்லை, ஆகவே டெல்டா சிறிதாகவே வரும். சிறிதாக வந்தாலும் அது மெய்யான டெல்டா.

மிகைப்படுத்தலுக்கு மற்றொரு வாசலும் திறந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய விக்ரமும் அதன் உலாவி பிரக்யானும் செப்டம்பர் தொடக்கத்தில் உறக்கத்தில் ஆழ்த்தப்பட்டு, நிலவிரவுக்குப் பின் விழிக்கவில்லை. அவை ஒரு நிலவுப் பகலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. விழித்திருந்தால் அது எதிர்பாராத கொடை. அந்நிகழ்வைச் சுட்டி, மாங்கனைட்டுச் சில்லு இருந்திருந்தால் கலம் பிழைத்திருக்கும் என்னும் தொனியில் ஆய்வு முன்னுரைகளை எழுதும் ஆசை இயல்பானதே. எழுதுவது தவறு. பூமிக் கணக்கில் ஏறத்தாழ 14 நாள் நீளும், மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழே செல்லும் இரவில் 0.3 என்னும் உமிழ்திறன் இழப்பைக் குறைக்கும், நிறுத்தாது. உள்ளிருந்து வெப்பம் தர ஒரு மூலம் வேண்டும். அது இருந்தால் மட்டுமே சில்லின் சிக்கனத்துக்குப் பொருள் உண்டு. பகலிலும் சிக்கல் உண்டு. மாங்கனைட்டு கரியது. வெயிலின் பெரும் பங்கை விழுங்கிவிடும். சூரியன் படாத முகத்தில் அதை வைக்க வேண்டும், அல்லது வெயிலை எதிரொளித்து 10 மைக்ரானை மட்டும் வெளியே விடும் பல்லடுக்குப் படலத்தை மேலே பூச வேண்டும். படலம் பூசினால் உமிழ்திறன் மாறும். அதையும் புதிதாக அளக்க வேண்டும். பூச்சில்லாத வில்லையின் டெல்டாவையும் பூச்சுள்ள வில்லையின் சூரிய உறிஞ்சுதிறனையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டும் ஒரே பொருளின் பண்புகள் போலத் தோன்றவிடுவது அறிந்தே செய்யும் மயக்கம்.

பொறுப்பு மாணவரிடம் மட்டும் இல்லை. மூன்றாண்டு முடிவதற்குள் ஒரு கட்டுரை வெளியாக வேண்டும் என்று நெருக்குபவர்கள் வேறு. ஒப்பீட்டு அட்டவணையில் முந்தைய ஆய்வுகளைவிடப் பெரிய எண் இல்லையென்றால் புதுமை எங்கே என்று கேட்கும் மதிப்பாய்வாளர்கள் வேறு. அந்த அட்டவணையில் வெப்ப அளவியல் முறையில் பெற்ற எண்ணும், அறை வெப்பநிலை நிறமாலையிலிருந்து கணித்த எண்ணும் வேறுபாடின்றி அடுத்தடுத்த வரிசைகளில் நிற்கின்றன. முன்னதற்குப் பின்னால் பல மாத உழைப்பு. பின்னதற்கு ஒரு பிற்பகல். சிறிய, சரியான எண்ணோடு வரும் மாணவர் தோற்றவர் போல நிற்க வேண்டியிருக்கிறது. அளவீட்டு முறைக்கும் வெப்பநிலைக்கும் தனிப் பத்தி இல்லாத ஒப்பீட்டு அட்டவணையை ஏற்க மாட்டோம் என்று வழிகாட்டிகள் தம் குழுவுக்குள்ளேயே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். அதற்கு எந்த ஆணையத்தின் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை.

வாய்மொழித் தேர்வில் உமிழ்திறன் வரைபடம் திரையில் வரும்போது, தேர்வாளர்கள் பெரும்பாலும் தலையசைத்து அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் ஒருவராவது நிறுத்தி, 200 கெல்வினில் காட்டப்பட்டுள்ள அந்தப் புள்ளிக்காக வில்லை எத்தனை நிமிடம் 200 கெல்வினில் இருந்தது என்று கேட்கலாம்.